அயர்ந்த கண்ணுக்குக் கற்றாழைக் கூழ்

ஆடி பிறந்ததும் ஊவா மலைகளிலே காற்றின் குணம் மாறிவிடுகிறது. தென்மேற்கிலிருந்து எழுந்து வரும் பருவக்காற்று, அட்டன், நுவரெலியா ஆகிய பகுதிகளின் மேற்குச் சரிவுகளிலே தன் நீரையெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் வரும்போது வெறுங்கையோடு வருகின்றது. கச்சான் எனப் பெயர்பெற்ற இவ்வுலர்ந்த காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. ஈரமின்றித் தவிக்கும் கொழுந்து தன்னுள்ளே மணப்பொருள்களைத் திரட்டிக்கொள்கிறது. ஆகவே யூலை முதல் செப்ரெம்பர் வரை பறிக்கப்படும் தேயிலைக்குச் சந்தையிலே தனி மதிப்பு உண்டு. கொழுந்துக்கு நன்மை செய்யும் அதே காற்று, கொழுந்து பறிப்பவளின் கண்ணுக்கு நன்மை செய்வதில்லை.

கண்ணின் மேற்பரப்பைக் கண்ணீரானது மெல்லிய படலமாக எந்நேரமும் போர்த்திருக்கிறது. அழும்போது வழிவது மாத்திரமே கண்ணீர் என்று எண்ணுதல் பொருந்தாது. இமையின் ஓரத்திலுள்ள நுண்ணிய சுரப்பிகள் ஒருவகை எண்ணெயைச் சுரந்து அந்நீர்ப்படலத்தின்மேற் பூசிவிடுகின்றன. நீர் விரைந்து ஆவியாகாதபடி அது காக்கின்றது. 1666ஆம் ஆண்டிலே இச்சுரப்பிகளை விரித்தெழுதிய ஜேர்மன் வைத்தியர் மைபோம் என்பாரின் பெயரே இன்றும் அவற்றுக்கு வழங்கி வருகிறது. இமைக்குந்தோறும் படலம் புதுப்பிக்கப்படும். சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முறை இமைக்கிறார். புத்தகத்திலோ கைத்தொலைபேசியிலோ பார்வையைப் பதித்துவிட்டால் இவ்வெண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உலர்ந்த காற்று, தொழிற்சாலையிலே தூள் சலிக்கும் அறையின் தூசி, லயத்துக் காம்பராவின் விறகடுப்புப் புகை ஆகிய மூன்றோடு நான்காவதாகத் தொலைபேசியின் ஒளித்திரையும் இப்போது சேர்ந்துகொண்டது. மாலையிலே கண் கரிக்கிறது, இமை கனக்கிறது, கீழிமை வீங்குகிறது என்று பலரும் முறையிடுவதில் வியப்பில்லை.

இத்தகைய அயர்ச்சிக்கு நம்மவர் கைக்கொண்ட பரிகாரங்கள் பல. நந்தியாவட்டைப் பூவை மூடிய இமையின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பது அவற்றுள் ஒன்று. வெள்ளரிக்காய்த் துண்டு வைப்பது மற்றொன்று. சோற்றுக்கற்றாழையின் உட்சதையைப் பூசுவதும் பழைய வழக்கமே. இவையனைத்தும் மூடிய இமைக்கு வெளியே செய்யப்படுவன என்பதைக் கவனித்தல் வேண்டும். கண்ணுக்கு உள்ளே தாய்ப்பாலையும் பச்சிலைச் சாற்றையும் பிழிந்துவிடும் வழக்கம் வேறு வகையைச் சேர்ந்தது. அது எவ்வளவு பழமையானதாயினும் கைவிடத்தக்கதே.

கூழ் செய்யும் முறைக்கு வருவோம். முதலிலே செடியைச் சரியாக இனங்காணல் வேண்டும். தோட்டத்து வேலிகளிலும் பாதையோரங்களிலும் நிற்கும் ஆனைக்கற்றாழை இதற்கு உதவாது. அதன் சாற்றிலே ஊசிபோன்ற நுண்ணிய படிகங்கள் இருப்பதால், பட்ட தோல் அரித்துத் தடித்துவிடும். ஆனைக்கற்றாழை மடலின் நுனியிலே கடினமான ஒரு முள் இருக்கும். மடலைக் கிழித்தால் வலிய நார் வரும். சோற்றுக்கற்றாழையின் மடலோ எளிதில் ஒடியும். ஓரத்து முட்கள் மென்மையானவை. உள்ளே நாரின்றிக் கண்ணாடிபோன்ற சதையே இருக்கும். அச்சதையைச் சோறு என்றழைத்த முன்னோரின் சொல்வளம் மெச்சத்தக்கது.

செடியின் அடியிலுள்ள முதிர்ந்த மடல் ஒன்றை வெட்டிக் கழுவி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு கோப்பையிலே அரைமணி நேரம் சாய்த்து நிறுத்த வேண்டும். அப்போது மஞ்சள் நிறமான கசப்புப் பால் வடியும். இது தோலுக்கு அடியிலுள்ள குழாய்களிலிருந்து வருவது. தோலை எரிக்கும் இயல்பு உடையதாகையால் இதனை முற்றாக நீக்கிவிடுதல் அவசியம். அவசரக்காரர் பெரும்பாலும் தவறவிடும் படி இதுவே. பின்பு முள்ளோரங்களைச் சீவி, தோலை உரித்து, சோற்றை மாத்திரம் வழித்தெடுத்து, மஞ்சட் சாயல் சிறிதும் தோன்றாத வரையிலே கொதித்தாறிய நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். முள்ளுக்கரண்டியால் நன்றாக மசித்து, நீரில் அவித்தெடுத்த மெல்லிய துணியிலே வடித்துக்கொண்டால் வழுவழுப்பான கூழ் கிடைக்கும்.

மலைநாட்டவர் வீட்டிலே தேயிலைக்குப் பஞ்சமில்லை. அரைக் கோப்பை கொதிநீரிலே ஒரு தேக்கரண்டி தேயிலையை இட்டு ஐந்து நிமிடம் மூடிவைத்து, துணியில் வடித்து ஆறவிட்டால் கடுஞ்சாயம் ஆயத்தம். இரண்டு மேசைக்கரண்டி கற்றாழைக் கூழுக்கு ஒரு தேக்கரண்டி சாயம் போதுமானது. சீனி, பால், தேசிக்காய்ச் சாறு, கற்பூரம், தைலம், வாசனை எண்ணெய் ஆகியவற்றுள் எதனையும் சேர்த்தலாகாது. இமைத்தோல் அரை மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ளது; உடலிலே அதைவிட மெல்லிய தோல் இல்லை. கன்னம் தாங்குவதை இமை தாங்காது.

முதன்முறை பூசுமுன் முன்கையின் உட்புறத்திலே சிறிது தடவி ஒருநாள் பார்த்திருத்தல் நன்று. சிவந்தாலோ அரித்தாலோ அந்தக் கூழ் அவருக்கு உகந்ததன்று. கூழை ஈரத்துணியில் சுற்றிய சிறு போத்தலிலோ மண்பானை நீரிலோ வைத்துக் குளிரச் செய்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கண்ணை மூடிக்கொண்டு, கண்குழியின் கீழெலும்பின்மேல் மெல்லெனப் பூச வேண்டும். இமைமயிர் ஓரத்தை அணுகலாகாது. பத்து நிமிடம் சென்றபின் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். வில்லை அணிபவர் அதனைக் கழற்றிவிட்டே பூச வேண்டும்.

இனி, இதனால் விளையும் பயன் எதிலிருந்து வருகிறது என்பதை ஆராய்தல் தகும். தேயிலையிலுள்ள கஃபேன் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைத் தணிக்கும் என்பர். அதனாலேயே கடைகளில் விற்கும் கண்பூச்சுகளில் அப்பொருளைச் சேர்த்து விலையையும் உயர்த்தி வைக்கின்றனர். தாய்லாந்து ஆராய்ச்சியாளர் சிலர் கஃபேன் கலந்த களியையும் அது கலவாத வெறுங்களியையும் ஒப்பிட்டு 2011ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டனர். கண் வீக்கத்தைக் குறைப்பதில் இரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வீக்கத்தைத் தணித்ததிலே பெரும்பங்கு களியின் குளிர்ச்சிக்கே உரியதென அவர்கள் கண்டனர். ஆகவே கற்றாழை கிடைக்காத வீட்டார் கவலைப்பட வேண்டியதில்லை. பண்டாரவளையின் விடியற்காலைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியும், கண்ணை மூடியிருக்கும் பத்து நிமிடமும் அவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும். கூழானது அக்குளிர்ச்சியைச் சற்றுநேரம் நிலைக்கச் செய்து, காற்றில் வறண்ட தோலுக்கு ஈரமும் தருகிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது அதற்குச் செய்யும் அநீதி.

இமையோரம் தடித்து, காலையிலே பீளை ஒட்டி, எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டவர்களுக்குக் குளிர்ச்சி உதவாது. அவர்களுக்கு வேண்டுவது இளஞ்சூடான ஒத்தடம்.

கூழைச் சேமித்து வைப்பதிலேதான் பேரபாயம் உண்டு. ஜேர்மனியிலே கோக் என்னும் பேரறிஞரின் ஆய்வுகூடத்திலே, நுண்ணுயிர்களை வளர்ப்பதற்கு ஏற்ற பொருள் எதுவென்று தேடிக்கொண்டிருந்த காலம். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்னும் பொருளைப் பயன்படுத்தலாமென 1881ஆம் ஆண்டளவில் ஃபன்னி ஹெசே என்னும் அம்மையார் யோசனை கூறினார். ஆய்வாளர் ஒருவரின் மனைவியாகிய அவர், சமையலறையிலே பழக்கூழ் உறைவதற்கு அதனையே பயன்படுத்தி வந்தவர். அன்றுதொட்டு இன்றுவரை உலகெங்கும் நுண்ணுயிர் வளர்ப்பது அக்களியின் மேலேயே. ஈரமும் ஊட்டமும் பொருந்திய எந்தக் கூழும் கிருமிக்கு விளைநிலம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. நிறம் மாறாமலும் நாற்றம் எழாமலும் இருக்கையிலேயே கூழ் கெட்டிருக்கக்கூடும். ஆதலால் ஒரு வேளைக்கு வேண்டியதை அன்றன்றே செய்து, எஞ்சியதை எறிந்துவிடுவதே முறை. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டிலே, கொதிநீரில் அவித்த போத்தலில் இட்டு இரண்டு நாள் வைக்கலாம். மூன்றாம் நாள் வேண்டாம்.

தொழிற்சாலையிலே தயாரானவைக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை 2023ஆம் ஆண்டு உணர்த்தியது. சென்னைக்கு அருகே தயாரிக்கப்பட்டு ஐக்கிய அமெரிக்காவிலே விற்பனையான செயற்கைக் கண்ணீர் ஒன்று, கிருமி தடுக்கும் பொருள் சேர்க்கப்படாமல் பலமுறை பாவிக்கும் போத்தலில் அடைக்கப்பட்டிருந்தது. அதனோடு தொடர்புடைய தொற்று 18 மாநிலங்களிலே 81 பேரைப் பீடித்தது, நால்வர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர். அதே ஆண்டிலே நுவரெலியா வைத்தியசாலையிற் கண்புரை அறுவை செய்துகொண்டோருட் சிலரின் பார்வை, இறக்குமதியான சொட்டுமருந்தொன்றினாற் பாதிக்கப்பட்டமை நாடெங்கும் செய்தியாயிற்று. பெருஞ்சாலைகளிலே தயாரான மருந்துக்கே இக்கதியென்றால், குசினி மேசையிலே வடித்த கூழைக் கண்ணுக்குள் விடுவோரை என்னென்பது? இமைக்கு வெளியே அது தைலத்தினும் இனியது. இமைக்கு உள்ளே அதற்கு இடமே இல்லை.

அயர்ச்சி என்னும் சொல்லும் சில வேளைகளில் ஏமாற்றுகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994ஆம் ஆண்டிலே மூன்று மாதங்களுள் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர்க்கு முன்னதாகக் கண்ணிலே காயம் பட்டிருந்தமை தெரியவந்தது. அக்காயங்களும் பெரும்பாலும் வயல்வேலையிற் பட்டவை. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சியும் நெற்கதிரைப் போலவே கண்ணைக் கீறவல்லது. கீறல் பட்ட கண் கரிக்கும், நீர் வடியும், வெளிச்சம் கூசும். அதனை வெறும் களைப்பென்று கருதி இரண்டு நாள் கூழ் பூசிக் காத்திருப்பவர் இழப்பது விலைமதிப்பற்ற நேரம். அன்றே தோட்டத்து மருந்தகத்திற் காட்டி, வேண்டின் பதுளை வைத்தியசாலையின் கண் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கண்வலியுடன் தலையிடியும் வாந்தியும் சேர்ந்தாலும், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தோன்றினாலும், பார்வை திடீரென மங்கினாலும் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. நீரிழிவு உடையோர் கண்ணிலே எந்தக் குறையும் தோன்றாதபோதும் ஆண்டுக்கொருமுறை கண்ணைச் சோதிப்பித்தல் வேண்டும்.

பாடசாலைப் பிள்ளைகளைக் குறித்து ஒரு வார்த்தை. பின்வரிசையிலிருந்து கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளை, மாலையிலே தலையிடிக்கிறது என்று சொல்லும். தாயும் கண்ணுக்குக் குளிர்ச்சி வைத்துப் படுக்க வைப்பாள். அப்பிள்ளைக்கு வேண்டுவது கூழன்று, மூக்குக்கண்ணாடி. படிப்பிலே மந்தம் என்று பெயரெடுத்த எத்தனையோ பிள்ளைகள், எழுத்துத் தெளிவாகத் தெரியாத காரணத்தினாலேயே பின்தங்கியவர்கள்.

பண்டாரவளையின் தட்பவெப்பத்திலே கற்றாழையை வளர்ப்பது எளிது. ஆயினும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மழை அதன் வேரை அழுகச் செய்துவிடும். அடியில் துளையிட்ட பழைய தகரப் பேணியிலே மண்ணோடு சரிபாதி ஆற்றுமணல் கலந்து நட்டு, மழைக்காலத்தில் இறவாரத்தின் உட்புறமாக நகர்த்தி வைத்தால் போதும். தாய்ச்செடியின் அடியிலே குட்டிகள் தாமே முளைக்கும். ஒரு குட்டியைப் பிடுங்கி அடுத்த காம்பராவுக்குக் கொடுக்கும்போது, முதலிலே மஞ்சட் பாலை வடித்துவிடும்படி சொல்லிக் கொடுத்தல் நல்லது.