ஈர மிலாறும் மறைவெப்பமும்

பூண்டுலோயாப் பகுதித் தேயிலை ஸ்டோர்களில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பச்சைக் கொழுந்தை எவரும் நேரே ட்ரையருக்குள் போடுவதில்லை. பரப்பிவைத்து, மணிக்கணக்காகக் காற்று விட்டு வாட்டுகிறார்கள். இலை துவண்டால்தான் சுருட்ட முடியும் என்பது ஒரு காரணம். விறகுக் கணக்கு மற்றொன்று. கொழுந்தின் நிறையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நீர்தான். அத்தனையையும் நெருப்பால் போக்குவதென்றால் கட்டுப்படியாகாது.

லயத்துக் காம்பராவில் கதை வேறு. கவ்வாத்து மலையிலிருந்து சுமந்துவந்த மிலாறு, காயுமுன்பே அடுப்புக்குப் போகிறது. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்த தாய்மார் ஊதி ஊதிக் கண் சிவக்கிறார்கள். நெஞ்சிலும் புகை இறங்குகிறது.

காரணம் நம் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு கிலோகிராம் நீரை 20 பாகை செல்சியசிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 335 கிலோயூல் வெப்பம் போதும். அதே நீரை ஆவியாக்க மேலும் 2260 கிலோயூல், அதாவது ஏறக்குறைய ஏழு மடங்கு வேண்டும். இவ்வளவு வெப்பம் ஏறியும் வெப்பமானி அசையாது. ஆகவேதான் மறைவெப்பம் என்று பெயர். 1760களில் ஸ்கொத்லாந்தில் ஜோசப் பிளாக் இதனை ஆராய்ந்து விளக்கினார். மிலாற்றின் ஈரம் இந்தக் கடனை முதலில் அறவிட்டுக்கொள்கிறது, மிச்சந்தான் பானைக்கு. நெருப்பின் சூடு தணிவதால் விறகும் முழுதாக எரிவதில்லை. கண்ணைக் கரிக்கும் புகையில் பெரும்பகுதி எரியாமல் தப்பிய விறகேயாகும்.

வெப்பம் அழிவதில்லை என்கிறது வெப்ப இயக்கவியலின் முதலாம் விதி. ஆனால் கூரை வழியே வெளியேறிக் குளிர்காற்றில் கலந்த வெப்பம் தானாகப் பானைக்குத் திரும்பாது. அது இரண்டாம் விதி.

மலையின் உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ 300 மீற்றர் உயர்வுக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலை குறையும். 1200 மீற்றரில் உள்ள லயத்தில் நீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகச் சுணங்குவது அதனால்தான். கொதித்த பின்னும் விறகைத் திணித்தால் ஆவிதான் கூடும், சூடு கூடாது. மூடியைப் போட்டு விறகை இழுத்துவிடுவதே முறை. நெருப்பைச் சுற்றி அடைத்து இரண்டு பானைக்கும் பகிரும் ‘அனகி’ களிமண் அடுப்பும் உதவும்.

தாய்மாரின் அறியாமை என்று இதைச் சொல்லிவிடுவது சுலபம். கொழுந்து வாட்ட மாடிமாடியாகக் கட்டிய தோட்டங்களில், மிலாறு காயவைக்க நனையாத ஒரு முழ இடம் லயத்தருகே எங்கே இருக்கிறது? நாலு கம்பும் ஒரு தகரமும், காற்றுப் புகத் திறந்த பக்கங்களும் போதுமே. தோட்டக் கூட்டங்களில் கேட்கவேண்டிய விஷயம் இது. மாணவர்கள் ஒரு கட்டு மிலாற்றை அங்கே வைத்து வாராவாரம் தராசில் நிறுத்து எழுதிவரட்டும். நிறை குறைவது நிற்கும் வாரத்தில் அதை அடுப்புக்குக் கொடுக்கலாம்.