உப்புக்காற்றுக்கு ஏற்ற கிளட்ச் எது?

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பம் ஒரு மீனவர் ஊர். ஒருபக்கம் வங்கக்கடல், மறுபக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, சுற்றுவட்டாரமெங்கும் உப்பளப் பாத்திகள். இங்கே ஓடும் எந்த வண்டிக்கும் முதல் எதிரி உப்புதான். மீன் சுமக்கும் எக்ஸ்எல் மொபெட்டில் கிளட்ச் லீவரே கிடையாது. இன்ஜின் வேகம் கூடும்போது தானாகவே பிடித்துக்கொள்ளும் மையவிலக்கு கிளட்ச் அது. ஸ்பிளெண்டரிலும் புல்லட்டிலும் இருப்பது எல்லோருக்கும் பழகிய கிளட்ச் வயர். வாரக்கடைசியில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பறக்கும் பெரிய வண்டிகள் சிலவற்றில்தான் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் இருக்கிறது. அந்த ஹைட்ராலிக் அமைப்பைக் கழற்றிவிட்டு கேபிளுக்கு மாறுகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். முதல் பார்வைக்கு இது முன்னேற்றத்துக்கு முதுகு காட்டுவதாகத் தோன்றும். உண்மை அப்படியில்லை. ஒரு கருவி நன்றாக ஓடும்போது தரும் சுகம் அதன் தரத்தில் பாதிதான். அது எப்படிப் பழுதாகிறது, பழுதான இடத்தில் யாரால் சரிசெய்ய முடியும் என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்து எடைபோட்டால், கடலோரத்துக்கு ஏற்றது கேபிள் கிளட்சே.

முதலில் இரண்டும் வேலை செய்யும் விதத்தைப் பார்க்கலாம். இன்ஜினின் சுழற்சியை கியர்பெட்டிக்குக் கடத்துபவை கிளட்ச் பிளேட்டுகள். ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். கியர் மாற்றும் கணத்தில் அந்தப் பிடியை ஓரிரு மில்லிமீட்டர் தளர்த்தினால் போதும். அதற்காகத்தான் லீவரை அழுத்துகிறோம். கேபிள் அமைப்பில் ஓர் உறைக்குள் ஓடும் எஃகு வயர் அந்த இழுப்பைக் கொண்டுபோய் இன்ஜின் பக்கத்தில் உள்ள சிறு நெம்புகோலைத் திருப்புகிறது. ஹைட்ராலிக் அமைப்பில் லீவருக்கு அருகே மாஸ்டர் சிலிண்டர், இன்ஜின் பக்கம் துணை சிலிண்டர், இடையே குழாய், குழாய் நிறைய திரவம். மாஸ்டரின் பிஸ்டன் 12 மில்லிமீட்டர் விட்டமும் துணையின் பிஸ்டன் 30 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டவை என்று வைத்துக்கொண்டால், பரப்பளவு 6.25 மடங்கு, கைவிசையும் அத்தனை மடங்கு பெருகும். உராய்வு மிகக் குறைவு. பிளேட் தேயத் தேயத் தானாகவே சரிசெய்துகொள்ளும். ஹைட்ராலிக்கின் இந்த நன்மைகளை யாரும் மறுக்க முடியாது.

பழையது, புதியது என்ற கணக்கும் இங்கே பொருந்தாது. ஹைட்ராலிக்குக்கு அடிப்படையான பாஸ்கல் விதி 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; ஜோசப் பிராமா தம் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1795இல். உறைக்குள் ஓடும் வயருக்கு எர்னஸ்ட் பௌடன் காப்புரிமை பெற்றதோ 1896இல். வயதை வைத்துப் பார்த்தால் கேபிள்தான் இளையது. ஆகவே ஒன்று நாகரிகம், மற்றொன்று பிற்போக்கு என்று பிரிக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில், எந்தப் பராமரிப்பில், யார் கையில் என்ற கேள்விகளே மிஞ்சுகின்றன.

இடத்தை எடுத்துக்கொள்வோம். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடல்நீரில் அதனுடன் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்குச் சுமார் 33 சதவீதமே போதும். அதனால் கடலோரத்தில் வண்டிமேல் படியும் உப்புப் படலம் வெயில் நேரத்திலும் முழுதாக உலர்வதில்லை. அலுமினியத்தை இயல்பாகக் காக்கும் மெல்லிய ஆக்சைடு தோலைக் குளோரைடு துளைத்துக் குழி விழச் செய்யும். மாஸ்டர் சிலிண்டரின் வெளிப்பக்கம், குழாய் இணைப்பு போல்ட்டுகள், குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் நிப்பிள் எல்லாம் உப்பின் அரிப்புக்கு இலக்கு. நிப்பிள் துருவேறி இறுகிவிட்டால் பழைய திரவத்தை வெளியேற்றுவதே பெரும்பாடு. உள்ளே இருக்கும் திரவத்துக்கும் தனிச் சிக்கல் உண்டு. பல வண்டிகளில் பிரேக்குக்குப் பயன்படும் டாட் 4 திரவமே கிளட்சுக்கும் ஊற்றப்படுகிறது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. நீர் கலக்காத நிலையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலைக்கு அதே விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. சேர்ந்த நீர் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும். அரித்த சுவர் ரப்பர் சீலைக் கிழிக்கும். கிழிந்த சீல் கசியும். திரவத்தைக் குறித்த காலத்தில் மாற்றினால் இதைத் தடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை கிளட்ச் திரவத்தை யாரும் நினைப்பதில்லை என்பதும் உண்மை.

இனிப் பழுதாகும் விதம். கிளட்ச் வயர் ஒரே நாளில் செத்துப்போவது அரிது. முதலில் லீவர் கனக்கும். பிறகு வயர் முனையிலுள்ள நிப்பிள் அருகே இழைகள் ஒவ்வொன்றாக அறும். கைக்கு ஒரு கரகரப்பு தெரியும். அதைக் கவனிக்கிறவருக்குப் பல நாள் முன்னறிவிப்பு கிடைக்கிறது. அறுந்தே போனாலும், மரக்காணத்துப் பட்டறையில் சில நூறு ரூபாய்க்குள், சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஹைட்ராலிக்கில் சீல் விட்டால் லீவர் தொளதொளவென்று கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ளும், கியர் விழாது. அந்த வண்டிக்கு உரிய சீல் கிட்டோ துணை சிலிண்டரோ உள்ளூர்க் கடையில் இருக்காது. புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ 30 கிலோமீட்டருக்கு மேல் போனாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பொருத்திய பிறகு குழாயிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். குமிழ் ஒன்று தங்கிவிட்டாலும் அழுத்தும் விசையை அதுவே விழுங்கிவிடும்.

இது ஏழை ஊரின் குறை மட்டுமல்ல. வளமான சந்தையும் இதே பாடத்தைக் கற்றிருக்கிறது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 2014 மாடல் டூரிங் வண்டிகளில் ஹைட்ராலிக் கிளட்சைக் கொண்டுவந்தது. 2018 அக்டோபரில் அந்நிறுவனம் உலகம் முழுவதும் சுமார் 2,38,300 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2017, 2018 மாடல்களில் கிளட்சின் துணை சிலிண்டர் கசியலாம், கசிந்தால் கிளட்ச் முழுமையாக விடுபடாமல் போகலாம் என்பதே காரணம். 2021 மாடல் டூரிங் வண்டிகள் பலவற்றில் அதே நிறுவனம் கேபிளுக்குத் திரும்பியது. முந்தைய ஆண்டு வண்டிகளை வைத்திருப்பவர்கள் மாறிக்கொள்வதற்கான பாகங்களும் சந்தைக்கு வந்தன. சாலை வசதி, பட்டறை வசதி, உதிரிபாக வசதி எல்லாம் உள்ள நாட்டிலேயே எளிமைக்கு இந்த மதிப்பு இருக்குமானால், உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு அதன் மதிப்பு இன்னும் கூடுதல்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். கேபிளும் எஃகுதானே, உப்பில் துருப்பிடிக்காதா என்று கேட்கலாம். பிடிக்கும். ஆனால் நைலான் உள்ளுறை கொண்ட நல்ல கேபிளில் நீர் புகும் வாய்கள் இரண்டு முனைகள் மட்டுமே. அவற்றை ரப்பர் மூடியால் காத்து, அவ்வப்போது எண்ணெய் விட்டுவந்தால் போதும். அந்த வேலைக்கு மெக்கானிக்கும் வேண்டாம், விசேஷக் கருவியும் வேண்டாம். கேபிள் கனமாக இருக்குமே என்பது அடுத்த கேள்வி. ஒருகாலத்தில் இது வலுவான வாதம். இன்று பிளேட்டுகளைச் சாய்தளக் கேம்கள் கூடுதலாக இறுக்கும் ‘அசிஸ்ட்’ வகைக் கிளட்சுகள் வந்துவிட்டதால் பலம் குறைந்த ஸ்பிரிங்குகளே போதும், கைக்கும் சுமை குறைகிறது. 2018இல் வந்த ராயல் என்ஃபீல்டின் 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகள் இந்த வகைக் கிளட்சைக் கேபிளால்தான் இயக்குகின்றன. ஹைட்ராலிக் தந்த சுகத்தில் பெரும்பகுதியை இப்போது கிளட்சின் உள்ளமைப்பே தந்துவிடுகிறது.

மூன்றாவது எதிர்வாதமே மிகக் கூர்மையானது. உயிர் காக்கும் டிஸ்க் பிரேக்கே ஹைட்ராலிக்கில்தானே இயங்குகிறது. அதை நம்புகிறவர் கிளட்சில் மட்டும் ஏன் அஞ்ச வேண்டும்? திரவத்தின்மேல் அவநம்பிக்கை கொள்ள வேண்டும் என்பதல்ல என் வாதம். ஓடும் வண்டியைக் குறுகிய தூரத்தில் நிறுத்தப் பெரும் விசை வேண்டும். அந்தப் பயனுக்காகப் பராமரிப்புச் செலவை ஏற்பது நியாயம். கிளட்சில் அதே சிக்கலை ஏற்றால் கிடைப்பது கைச்சுகம் மட்டுமே. உப்புக்காற்றில் பராமரிக்க வேண்டிய ஹைட்ராலிக் அமைப்பு ஒன்று குறைந்தால், மிச்சமாகும் கவனத்தைப் பிரேக்குக்குக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் கடமையாகிறது. ஹைட்ராலிக்கிலிருந்து கேபிளுக்கு மாறுவது என்பது லீவரையும் வயரையும் மட்டும் மாற்றுவதல்ல. துணை சிலிண்டர் இருந்த இடத்தில் வயரின் இழுப்பைத் தள்ளுவிசையாக மாற்றும் நெம்புகோல் அமைப்பு வர வேண்டும். அதற்கேற்ற மூடியும் தள்ளுகம்பியும் வேண்டும். லீவரின் நெம்பு விகிதம் பிளேட்டுகள் விடுபடத் தேவையான தூரத்தைத் தர வேண்டும். கிளட்சை அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டியாக இருந்தால் அந்த சுவிட்சும் வேலை செய்ய வேண்டும். ஆகவே அதே இன்ஜினுக்கு நிறுவனமே கேபிள் வடிவம் வெளியிட்டிருந்தாலோ, அந்த மாடலுக்கென்றே செய்த பாகங்கள் கிடைத்தாலோ மட்டும் இறங்கலாம். லேத் பட்டறையில் உத்தேசமாகக் கடைந்த பாகத்தை நம்பி இறங்குவது ஆபத்து. பொருத்தியபின் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும். லீவர் முனையில் உள்ள தளர்வு (பிளே) மாறினால் வயர் போகும் வழி தவறு. வாரண்டி உள்ள வண்டியில் நிறுவனத்தின் செலவிலேயே சரிசெய்வதுதான் அறிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் நிறுவனம் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கிளட்ச் இயங்கும் விதம் அந்த விவரங்களில் சேராவிட்டாலும், காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவைப்பது நல்லது. ஹைட்ராலிக் நன்றாக வேலை செய்து, திரவத்தைத் தவறாமல் மாற்றும் பழக்கமும் இருந்தால் அதைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

புதிதாக வண்டி வாங்குகிறவருக்கு இந்த வாதம் இன்னும் நேரடியாகப் பயன்படும். பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தபோது, வாகனங்களையும் அதன் நான்கு துறைகளில் ஒன்றாகச் சேர்த்தது. உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. பாகம் உள்ளூரில் கிடைக்கவும், உள்ளூர்க் கைகளுக்கு அது புரியவும் வேண்டும். கடலோரத்தில் வாழ்கிறவர் ஷோரூமில் குதிரைத்திறனையும் மைலேஜையும் கேட்பதோடு நிறுத்தாமல், இந்தக் கிளட்ச் கெட்டால் என் ஊரில் யார் சரிசெய்வார், எத்தனை நாளாகும், என்ன செலவாகும் என்றும் கேட்க வேண்டும். வாங்குகிறவர்கள் விடாமல் கேட்கக் கேட்கத்தான் வண்டி வடிவமைப்பவர்களும் எக்கியார்குப்பத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.