எஞ்சின் சூட்டுக்கு யார் பொறுப்பு?

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் வழியில் திம்பம் மலைப்பாதை. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பாதிகூட ஏறாத நிலையில் என் நண்பரின் பேருந்து நீராவியைக் கக்கிக்கொண்டு நின்றது. பழைய பின்பக்க எஞ்சின் டீசல் பேருந்து அது. இருக்கைகளைக் கழற்றி, கட்டில், சமையல் மேடை, குளியலறை எல்லாம் வைத்து வீடாக மாற்றியிருந்தார். அடிவாரத்திலிருந்தே ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. சூட்டு மீட்டரின் முள் சிவப்புக் கோட்டருகே போய், சட்டென்று கீழே இறங்கியது. "சரியாயிடுச்சு" என்று நினைத்து அவர் இன்னும் இரண்டு வளைவு ஏற்றினார். அந்த இரண்டு வளைவுகளில் எஞ்சினின் ஹெட் வளைந்துவிட்டது.

பேருந்தை மாற்றிக்கொடுத்த பட்டறை, "எஞ்சினில் நாங்கள் கையே வைக்கவில்லை, கம்பெனியில் கேளுங்கள்" என்றது. சர்வீஸ் மையம், "பாடியை மாற்றியிருக்கிறீர்கள், எங்கள் பொறுப்பல்ல" என்றது. நடுவில் நின்றவர் நண்பர். பழைய பேருந்தை வாங்கி நடமாடும் மருத்துவமனையாகவோ, உணவகமாகவோ, சுற்றுலா வண்டியாகவோ மாற்ற நினைக்கும் எவரும் நாளை அதே இடத்தில் நிற்கலாம்.

முதலில், எது இயல்பு என்று தெரிந்துகொள்வோம். பேருந்துகளின் டீசல் எஞ்சினில் பெரும்பாலும், கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் திறக்கத் தொடங்கும். 95-ஐ ஒட்டி முழுதாகத் திறந்துவிடும். ஆகவே சமதளத்தில் முள் 80-க்கும் 95-க்கும் இடையே நிற்பது நல்ல ஆரோக்கியம். மலை ஏறும்போதோ, மே மாத மதியத்தில் ஏ.சி. போட்டுக்கொண்டு நெரிசலில் ஊரும்போதோ அது சில டிகிரி ஏறி, ஃபேன் வேகமெடுத்ததும் இறங்கிவருவதும் இயல்புதான். பயப்பட வேண்டியது, ஏறிய முள் இறங்க மறுக்கும்போது. 100-ஐத் தாண்டினால் சுமையைக் குறைக்க வேண்டும். 105-ஐ நெருங்கினால் ஓரங்கட்ட வேண்டும். துல்லியமான எல்லை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணை டாஷ்போர்டிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்குமே என்று சிலர் கேட்பார்கள். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல. உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைத்து கொதிநிலையை உயர்த்துகிறது. ஒரு பார் அழுத்தம் தாங்கும் மூடியுள்ள வண்டியில் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. சம அளவு கூலன்ட் கலந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ரப்பர் தேய்ந்த மூடியோடு மலை ஏறுகிற எஞ்சினுக்கும் அந்தக் கதிதான். சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் விட்டு, லட்சக்கணக்கில் எஞ்சின் வேலை பார்த்தவர்கள் உண்டு.

இனி ஃபேன். முன்பக்க எஞ்சின் வண்டிகளில் ஃபேன் பெல்ட்டால் சுழலும். பலவற்றில் நடுவே விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் அந்தக் கிளட்ச் பிடித்துக்கொள்ளும், குளிர்ந்தால் விட்டுவிடும். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் பலமாக இரைந்து அடங்குவது, கிளட்சுக்குள் இரவில் தேங்கிய எண்ணெயால். அது கோளாறு இல்லை. பின்பக்க எஞ்சின் பேருந்துகள் பலவற்றில் ஹைட்ராலிக் மோட்டாரோ மின்மோட்டார்களோ ஃபேனைச் சுழற்றும். அங்கேயும் சூட்டுக்கேற்ப வேகம் கூடும், குறையும். நல்ல ஃபேன் ஓய்வெடுக்கும். சமதளத்தில்கூட ஓயாமல் இரையும் ஃபேன், காற்றோ கூலன்டோ போதவில்லை என்று சொல்கிறது. சூடு ஏறியும் சத்தமே எழுப்பாத ஃபேன் வேலை செய்யவில்லை என்று பொருள். திம்பத்தில் அந்த இரைச்சல் அடிவாரத்திலேயே எச்சரித்தது. யாருக்கும் அந்த மொழி தெரியவில்லை.

முள் சட்டென்று இறங்கியது ஏன்? சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் கொட்டிப்போனபின் அது நீராவியையோ காற்றையோ அளந்து, குறைந்த எண்ணைக் காட்டும். காரணமில்லாமல் முள் விழுந்தால் அது நல்ல செய்தி அல்ல. உடனே நிறுத்துங்கள்.

நண்பரின் வண்டியில் நடந்ததைப் பிறகு ஒரு பழைய மெக்கானிக் காட்டினார். பின்பக்கம் ரேடியேட்டருக்குக் காற்று போகும் சல்லடைக் கதவுக்கு உட்புறம் தண்ணீர்த் தொட்டியைப் பொருத்தியிருந்தார்கள். காற்று வழியில் பாதி அடைபட்டிருந்தது. ரேடியேட்டரைச் சுற்றியிருந்த தடுப்புத் தகடுகளை வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. அந்தத் தகடு இல்லாவிட்டால், ரேடியேட்டரைக் கடந்து வெளியேறிய சூடான காற்றையே ஃபேன் சுற்றிவந்து மறுபடி இழுக்கும். ஜெனரேட்டர், பேட்டரி, கட்டில், தண்ணீர் என்று எடையும் கூடியிருந்தது. எஞ்சினில் யாரும் கை வைக்கவில்லை என்பது உண்மைதான். அதன் மூக்கைப் பொத்தியிருந்தார்கள்.

சூட்டுக்குச் சொல்லப்படும் கைவைத்தியங்களில் மிகப் பெரிய தீங்கு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், லைனர் தேயும். அடைபட்ட ரேடியேட்டரோ சமதளத்தில் மறைந்திருந்து, மலையில் வெளிப்படும். போர் தண்ணீர் ஊற்றும் பழக்கமும் அப்படித்தான். நம் ஊரின் உப்புத் தண்ணீர் குழாய்களில் படிந்து சூட்டைக் கடத்தவிடாது. மினரல் நீக்கிய தண்ணீரும் சரியான கூலன்டும் மட்டும் ஊற்றுங்கள். கூலன்டில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், நஞ்சு. தரையில் சிந்தியதை நாய்க்கும் குழந்தைக்கும் எட்டவிடாதீர்கள்.

வழியில் சூடு ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஓரமாக நிறுத்தி, கியரை விடுவியுங்கள். நீராவியோ கசிவோ இல்லை, கூலன்டும் இருக்கிறது என்றால் எஞ்சினை உடனே அணைக்காமல் சற்றே கூடுதல் வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள், ஃபேன் இழுத்துக் குளிரவைக்கும். நீராவி வந்தால், கூலன்ட் கொட்டியிருந்தால், எரியும் வாடை வந்தால் உடனே அணைத்து, எல்லோரையும் இறக்கிவிடுங்கள். வெடித்த ஹோஸிலிருந்தோ குழாயிலிருந்தோ சிதறும் எண்ணெய், நூற்றுக்கணக்கான டிகிரியில் கொதிக்கும் டர்போவில் பட்டால் தீ பிடிக்கும். ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்கக் கூடாது. எஞ்சின் கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை, அரை மணி நேரமோ அதற்கு மேலோ, காத்திருக்க வேண்டும். கொதிநீர் பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை தடவாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படைத் தன்மை மாறும்படி கட்டமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற அனுமதிப்பதில்லை. பதிவு அதிகாரியின் ஒப்புதலும் ஆர்.சி. பதிவில் திருத்தமும் தேவை. செய்த மாற்றத்தைத் தெரிவிக்க 14 நாள் கெடு. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பயணிகள் பேருந்து பாடிக்கு ஏ.ஐ.எஸ். 052, தங்கும் வசதியுள்ள வண்டிக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித்தனித் தரநிலைகள் உள்ளன. உங்கள் பட்டறை எந்தத் தரநிலைப்படி கட்டுகிறது என்று கேளுங்கள். பேருந்து பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூரில் கட்டினாலும் கேளுங்கள், மூலையிலுள்ள ஷெட்டில் கட்டினாலும் கேளுங்கள். பதிவு செய்யாத மாற்றத்தைக் காரணம் காட்டி காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும்.

வேலையில் குறை இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 கைகொடுக்கும். வண்டியைச் சொந்தப் பயன்பாட்டுக்கோ, சுயதொழிலாகப் பிழைப்புக்கோ வைத்திருப்பவர் நுகர்வோர்தான்; வணிக நோக்கத்துக்கு வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக இந்த வழி கிடைக்காது. நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பட்டறை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

வழக்குக்குச் சாட்சி வேண்டும், அது வண்டி கொடுக்கும்போதே உருவாக வேண்டும். என் நண்பரிடம் இருந்தது ஒரு ரசீது மட்டும். "பஸ் ஆல்ட்டரேஷன்" என்று ஒரே வரி. மாற்றும் முன் ரேடியேட்டர், அதன் காற்று வழி, தடுப்புத் தகடுகள் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வைத்திருந்தால், யார் எதைக் கழற்றினார்கள் என்ற சண்டையே வந்திருக்காது.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், தொட்டிகளை நிரப்பி, ஏ.சி. போட்டு, குறைந்தது நூறு கிலோமீட்டர், அதில் ஒரு மலைப்பாதை, பட்டறைக்காரரையும் உட்காரவைத்து ஓட்டுங்கள். முள் எங்கே நின்றது, ஃபேன் எப்போது இரைந்தது, எப்போது அடங்கியது என்று தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். "இந்த மாற்றத்தால் எஞ்சின் குளிர்விப்பில் குறை வந்தால் பட்டறை சரிசெய்யும்" என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதை எழுத மறுக்கும் பட்டறையில் உங்கள் பேருந்தை விடாதீர்கள்.