கை, கால், வாயில் கொப்புளமா? ‘அம்மை’ன்னு நினைச்சு மருந்தை நிறுத்தாதீங்க!

குழந்தைக்கு லேசான காய்ச்சல். அடுத்த ஓரிரு நாளில் வாய்க்குள் புண், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புக் கொப்புளங்கள். உடனே பல வீடுகளில், “அம்மை போட்டிருக்கு, மருந்து எதுவும் கொடுக்காதீங்க” என்பார்கள். ஆனால் இது வேறு வைரஸால் வரும் ‘கை, கால், வாய் நோயாக’ இருக்கலாம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே இது அதிகம் தாக்குகிறது.

‘தக்காளிக் காய்ச்சல்’ இதுதானா?

2022 மே மாதம் கேரளாவின் கொல்லத்தில் பரவியபோது வைத்த பெயர் அது. அப்போது கோவையை ஒட்டிய வாளையார் சோதனைச் சாவடியில்கூட குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். கொப்புளம் சிவப்பாக இருப்பதால் அந்தப் பெயர். மற்றபடி தக்காளிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, தாராளமா சாப்பிடலாம்.

சின்னம்மையில் இருந்து என்ன வித்தியாசம்?

சின்னம்மை பெரும்பாலும் முகம், மார்பு, முதுகில் தொடங்கி உடல் முழுக்கப் பரவும், அரிப்பும் அதிகம். இதுவோ வாய், உள்ளங்கை, உள்ளங்கால், சில நேரம் முழங்கால், பிட்டத்தில் வரும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

எதில் கவனம் தேவை?

கொப்புளத்தைவிட வாய்ப்புண்தான் பிரச்னை. வலியால் குழந்தை தண்ணீர்கூட குடிக்காது. உடலில் நீர் வற்றிவிடும். மோர், இளநீர், ஆறிய கஞ்சி எனக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காரம், புளிப்பு, சூடு வேண்டாம். காய்ச்சலுக்கும் வலிக்கும் டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக் பலன் தராது. ஆஸ்பிரின் கூடவே கூடாது.

எப்போது மருத்துவமனைக்கு ஓடணும்?

* 8 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால்
* காய்ச்சல் 3 நாளைத் தாண்டினால்
* தொடர் வாந்தி, அசாதாரணத் தூக்கம், திடீர் உடல் உதறல், வலிப்பு இருந்தால்

மற்ற குழந்தைகளுக்குப் பரவுமா?

எச்சில், சளி, கொப்புள நீர், மலம் மூலம் எளிதாகப் பரவும். 5 முதல் 7 நாள் பள்ளிக்கு லீவு போடுங்கள். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் குணமான பிறகும் சில வாரங்கள் மலத்தில் வைரஸ் இருக்கும். டயப்பர் மாற்றியதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசரை மட்டும் நம்ப வேண்டாம்.

சில வாரம் கழித்து நகம் உரிந்தால் பதற வேண்டாம். புது நகம் தானாக வளர்ந்துவிடும்.