ஜோசியத்தைப் பொய்யாக்கிய கோஷ்டி!

அமெரிக்காவில் மார்ச் மாதம் வந்தால் ஜோசியம் தொடங்கிவிடும். கல்யாண ஜோசியம் அல்ல, பேஸ்பால் ஜோசியம்! எந்தக் கோஷ்டி முதலில் வரும், எது கடைசியில் நிற்கும் என்று பத்திரிகைகள் வரிசை போட்டு எழுதும்.

பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரு பருவத்தில் ஒவ்வொரு கோஷ்டிக்கும் 162 ஆட்டம்.

ஜோசியத்துக்குக் கணக்கும் உண்டு. பில் ஜேம்ஸ் என்பவர் சொன்னது. எடுத்த ஓட்டம் எத்தனை, எதிரிக்கு விட்ட ஓட்டம் எத்தனை? இந்த இரண்டும் தெரிந்தால், வெற்றி எத்தனை என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். புதிய ஆண்டுக்கு அந்த இரண்டையும் ஊகிக்க வேண்டும். அங்கேதான் சறுக்கல்!

நியூயார்க் மெட்ஸ் கோஷ்டியைப் பாருங்கள். 1962-ல் பிறந்தது. பிறந்த ஆண்டிலேயே 120 தோல்வி! 1968-ல் 10 கோஷ்டிகளில் 9-வது இடம். 1969-ல் அதை யார் நம்புவார்கள்?

ஆனால் அந்த ஆண்டு 100 வெற்றி! எடுத்தது 632 ஓட்டம், விட்டது 541. ஜேம்ஸ் கணக்குப்படி பார்த்தாலும் 93 வெற்றிதான் வரவேண்டும். மீதி 7?

செப்டம்பர் 12. பிட்ஸ்பர்க் நகரில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இரண்டிலும் மெட்ஸ் 1-0 என்று வென்றது. இரண்டிலும் அந்த ஒற்றை ஓட்டத்தை அடித்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? பந்து வீச்சாளர்! பேஸ்பாலில் பந்து வீசுகிறவருக்கு அடிக்க வராது என்பார்கள். இதை எந்த ஜோசியர் எழுதியிருப்பார்?

இறுதிப் போட்டியில் எதிரே நின்றது, 109 ஆட்டம் வென்ற பால்டிமோர். அதையும் 4-1 என்று மெட்ஸ் சாய்த்தது.

மறு ஆண்டும் மெட்ஸே என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம். 1970-ல் அது தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது.