நீரிழிவும் கட்டுச்சோறும்

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையிலுள்ள நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பேர்போன ஊர். வியாபாரம், வைத்தியம், வழக்கு என்று அவ்வூரார் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் சென்னைக்கும் பிரயாணம் செய்தவண்ணமே இருக்கின்றனர். அவர்களுள் நீரிழிவுள்ளோர் வழியில் எதை உண்பது என்பதைப் பற்றி இன்று எழுதத் துணிந்தோம். இஃது அற்ப விஷயமென்று அரசியல் அன்பர்கள் எண்ணலாகாது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தேசத்தில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென மதிப்பிட்டிருக்கிறது.

பஸ் நிலையத்தில் கிடைப்பன யாவை? பன், பிஸ்கட், முறுக்கு, போண்டா, சர்க்கரை கரைத்த தேநீர். மாவுப் பண்டங்கள் வயிற்றிற் புகுந்ததும் சர்க்கரையாக மாறி இரத்தத்திற் சேருகின்றன. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் மாவு மாவே. வெல்லமும் கருப்பட்டியும் எவ்வளவுதான் சுதேசியமாயினும் அவையும் சர்க்கரையே.

நமது சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் நிலைமை விசித்திரமானது. ஜவ்வரிசியும் இங்குதான் தயாராகிறது. அதன் 100 கிராமில் 85 கிராமுக்குமேல் மாவுச்சத்து. முட்டையும் இங்கிருந்துதான் நாடெங்கும் செல்கிறது. ஒரு முட்டையில் மாவுச்சத்து 1 கிராமுக்கும் குறைவு, புரதமோ சுமார் 6 கிராம். ஆயினும் கடைகளில் பிஸ்கட் கிடைக்கும் எளிமையில் அவித்த முட்டை கிடைப்பதில்லை. ஆதலால் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுதல் நலம். வெயிற்காலத்தில் அது விரைவிற் கெடுமாதலின் புறப்பட்ட ஒரு மணிக்குள் உண்டுவிட வேண்டும். பிற்பாட்டுக்கு வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, வெள்ளரிக்காய், சர்க்கரையில்லா மோர். புலால் உண்ணாதார்க்கும் இவை போதும். சுண்டலில் மாவுச்சத்து உண்டு. ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்துக. பொட்டுக்கடலையை வேர்க்கடலைக்குச் சமமாகக் கருதுவோர் பலர். அதிற் பாதிக்குமேல் மாவுச்சத்தே.

சர்க்கரைக்கு அஞ்சி மாத்திரையை விழுங்கிவிட்டுப் பட்டினியாகப் பிரயாணம் செய்வோரைப் பற்றியே நமக்கு அதிகக் கவலை. வழக்கை வாய்தா போடலாம். மாத்திரைக்குப் பின் உணவை வாய்தா போட இயலாது. இன்சுலின் ஊசியும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் கொள்வோர்க்கு இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் உண்டாகும். அவ்வேளையில் முட்டையும் கடலையும் பயன்படா. 15 கிராம் குளுக்கோஸையோ சர்க்கரையையோ நீரிற் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணியில் தெளியாவிடின் மீண்டும் குடிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஆஸ்பத்திரிக்கே கொண்டுசெல்ல வேண்டும். இவ்விரு மருந்துகளைக் கொள்வோர் மாவுணவைத் திடீரெனக் குறைக்குமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம். சிறுநீரக நோயுள்ளோரும் கேட்டே முட்டையும் கடலையும் உண்க.

பேரூராட்சியாரும் நகராட்சியாரும் பஸ் நிலையக் கடைகளை ஏலம் விடுகையில், அவித்த முட்டையும் வேர்க்கடலையும் சர்க்கரையில்லா மோரும் விற்க வேண்டுமென்று நிபந்தனை விதித்தாலென்ன? அரசியற் கட்சியார்க்கும் ஒரு வார்த்தை. மாநாட்டுக்கு வண்டி அமர்த்தித் தொண்டர்களை ஏற்றுகிறீர்கள். பொட்டலத்தில் எலுமிச்சைச் சோறோ பிரியாணியோ கொடுக்கிறீர்கள். நரைத்த தொண்டர்களுள் எத்தனை பேருக்கு நீரிழிவென்று விசாரித்ததுண்டா? அடுத்த பிரயாணத்தில் ஒவ்வொரு வண்டியிலும் கடலை மூட்டையொன்றும் குளுக்கோஸ் பொட்டலங்கள் சிலவும் ஏற்றிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.