எழுபது வளைவுக்கு மேல ஒரு சுவர்!

அயோத்தியாப்பட்டணம் ஸ்டாப்பில் காலேஜ் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற மக்களே... உங்க கேங்கில் ஒருத்தராவது செமஸ்டர் முடிஞ்சதும் "மச்சி, கொல்லிமலை போலாமா?"ன்னு கிளப்பி விடுவார். காரவள்ளி தாண்டினா 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கையில் ஒரு குளியல், சாயங்காலம் ரிட்டர்ன். சரியா?

அடுத்த தடவை வளைவுகளை எண்ணும்போது ஒரு ஜோடியையும் நினைச்சுக்கோங்க. இந்த ரோடெல்லாம் இல்லாத 1913-ல் கல்யாணம் முடிச்ச கையோடு கொல்லிமலை ஏறினவங்க ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் பிராண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரிகள். ஜெஸ்ஸி முழு டாக்டர்கூட இல்லை. லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஒரு வருஷம் மருத்துவப் பயிற்சி எடுத்தவர், அவ்வளவுதான். எவலின் ஓவியம் படிச்சவர்.

"மிஷனரின்னா மதம் மாத்தத்தானே வந்தாங்க?"ன்னு உங்களில் பாதிப் பேர் கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆமாம், மதத்தைச் சொல்லத்தான் வந்தாங்க. அதை அவங்க மறைக்கவும் இல்லை. ஆனா, பல வருஷம் அங்கே ஒருத்தர்கூட அவங்க பக்கம் போகலை. ஊர்ப் பூசாரியே கடுமையா எதிர்த்தார். 1918-19ல் உலகத்தையே உலுக்கின ஃப்ளூ காய்ச்சல் மலைக்கும் வந்தது. பூசாரி படுத்த படுக்கையானார். பயந்துபோய் யாரும் கிட்டே போகாத நேரத்தில் பிராண்ட் தம்பதிதான் போய்ப் பார்த்துக்கிட்டாங்க. சாகிற நேரத்தில் தன் கைக்குழந்தையை அவங்க கையில் ஒப்படைச்சுட்டுப் போனார் அந்தப் பூசாரி!

பள்ளிக்கூடம், மரவேலை, பட்டுப்புழு வளர்ப்புன்னு அவங்க மலையில் தொட்ட வேலைகள் நிறைய. ஆனா, இன்ஜினீயரிங் படிக்கிற எனக்குப் பிடிச்ச மேட்டர் வேற... ஒரு கல் சுவர்!

நரம்புச் சிலந்தின்னு ஒரு நோய். உங்க தாத்தா பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க, தெரிஞ்சிருக்கலாம். தண்ணி குடிச்சு கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு காலில் கொப்புளம் வரும். அது உடைஞ்சா சேமியா மாதிரி வெள்ளையா ஒரு புழு எட்டிப் பார்க்கும். நீளம் 1 மீட்டர்கூட இருக்கும். வெடுக்குன்னு இழுத்தா அறுந்து, உள்ளே சீழ் பிடிச்சிடும். அதனால ஒரு குச்சியில் தினம் கொஞ்சம் கொஞ்சமா சுத்திச் சுத்தி, வாரக்கணக்கில் எடுக்கணும். அதுவரை காட்டு வேலைக்கும் போக முடியாது, பள்ளிக்கூடத்துக்கும் போக முடியாது.

இந்த நோய்க்கு அப்பவும் மருந்து இல்லை, இப்பவும் இல்லை. தடுப்பூசியும் கிடையாது. அப்புறம் எப்படி ஒழிஞ்சது?

காலில் எரிச்சல் தாங்காம ஒருத்தர் குளத்திலோ கிணத்திலோ காலை வைப்பார். புழு அந்தத் தண்ணியில் லட்சக்கணக்கில் குஞ்சுகளை விடும். அதைத் தண்ணிக்குள்ள இருக்கிற பொடிப் பூச்சிகள் விழுங்கும். அந்தத் தண்ணியை ஊரே குடிக்கும். சுற்று மறுபடி ஆரம்பம்! இந்தச் சுற்றை அறுக்க ஆஸ்பத்திரி வேண்டாம். கால் தண்ணியில் படக் கூடாது, அவ்வளவுதான். இறங்கி மொள்ளுகிற கிணத்தைச் சுத்தி ஒரு சுவர் எழுப்பினா போதும்.

கேட்க ஈஸியா இருக்குல்ல? ஆனா, தலைமுறை தலைமுறையா இறங்கித் தண்ணி எடுத்த கிணத்துக்கு, வெளியூர்க்காரர் ஒருத்தர் சொன்னார்னு சுவர் கட்டிடுவீங்களா நீங்க? டிசைன் ரெடியாக ஒரு நாள் போதும். நம்பிக்கை வரத்தான் வருஷங்கள் ஆகும்.

1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்துபோனார். பிறகு மிஷன் எவலினை வேற இடங்களில் வேலை பார்க்க வெச்சது. அவருக்கு மனசெல்லாம் மலைதான். 70 வயசை நெருங்கும்போது மிஷனில் ஓய்வு கொடுத்தாங்க. மனுஷி ஊருக்குக் கப்பல் ஏறலை, நேரா மலை ஏறிட்டார்! கொல்லிமலை மட்டுமில்லை... பச்சமலை, கல்ராயன், சித்தேரின்னு நம்ம ஏரியா மலைகளிலெல்லாம் குதிரையிலும், பிறகு ரெண்டு மூங்கில் கழி ஊன்றியும் ஊர் ஊராப் போனார். பிராண்ட் பாட்டி சொன்னா ஜனங்க கேட்டாங்க. கிணத்துக்குச் சுவர் வந்தது, நரம்புச் சிலந்தி பின்வாங்கியது. 1974 டிசம்பரில் 95 வயசில் இறந்தார். கொல்லிமலையிலேயே கணவர் பக்கத்தில் அடக்கம்.

அவங்க மகன் பால் பிராண்ட் 1914-ல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். முதலில் கட்டட வேலை கத்துக்கிட்டு, அப்புறம்தான் டாக்டர் ஆனார். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கின விரல்களை ஆபரேஷனில் நிமிர்த்திக் காட்டி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வெச்சவர்.

இந்தியாவில் நரம்புச் சிலந்தியின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில். 2000-ல் 'இந்தியாவில் இல்லை'ன்னு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. 1986-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சேர்த்து வருஷத்துக்கு சுமார் 35 லட்சம் பேரைப் படுத்தின புழு இது. 2021-க்குப் பிறகு வருஷத்துக்கு இருபது பேருக்கும் கீழே வந்தாச்சு. சாட், தெற்கு சூடான் கிராமங்களில் கடைசி யுத்தம் நடக்குது. ஆயுதம் என்ன தெரியுமா? தண்ணி வடிகட்டத் துணி, குளத்துக்குக் காவல், வீடு வீடாப் போய்ப் பேசுற அதே ஊர்த் தொண்டர். பிராண்ட் பாட்டியின் ஃபார்முலாவேதான்!

அவங்க மதத்தில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனா, கிணத்துச் சுவர் யார் எந்தச் சாமியைக் கும்பிடுறாங்கன்னு பார்த்துக் காப்பாத்தலை.

அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப் வரும்... ஏழு நாள். புதர் வெட்டி, பெயின்ட் அடிச்சு, குரூப் போட்டோ எடுத்து, சர்ட்டிஃபிகேட்டோடு திரும்புவோம். அந்த ஏழு நாளில் ஒரு நாளை மட்டும் ஒதுக்கி, ஊர்ப் பெரியவங்ககிட்ட "உங்களுக்குத் தண்ணி எங்கிருந்து வருது, அதில் என்ன சிக்கல்?"னு கேளுங்க. பதிலை நோட்டில் எழுதுங்க. முக்கியமா, அடுத்த வருஷமும் அதே ஊருக்கே போங்க. ரெண்டாவது தடவை போறவங்களுக்குத்தான் ஊர் நிஜமான பிரச்னையைச் சொல்லும், பாஸ்!